ஸ்விஃப்ட்டுக்கு டிஸ்க், டயர் மாற்றணும்: 25,000 ரூபாய்க்குள் எதை எடுப்பது?

காலடிப்பேட்டை கலை

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து போன வருடம் வாங்கினோம். வீடு வட சென்னை காலடிப்பேட்டையில். மணலியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் போய் வருவது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க மீஞ்சூர். அந்த எண்ணூர் ரோட்டின் லட்சணம் இங்கே எல்லோருக்கும் தெரியும், நான் விவரிக்க வேண்டாம்.

பிரச்சினை இதுதான். இடது பக்க முன் டிஸ்க் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) உள்பக்க விளிம்பில் நெளிந்திருக்கிறது. இடது பின் டிஸ்க் முழுக்கத் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பழைய ஓனர் வீட்டு வாசலில் வண்டி அரை சக்கரம் தண்ணீரில் நின்றதாம். வாங்கும்போது வீல் கேப் போட்டு மறைத்திருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை காற்று பிடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் இந்த இரண்டும் பாதியாகிவிடுகின்றன.

டயர் 165/80 ஆர்14. பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் பொடிப் பொடியாக வெடிப்பு.

எனக்குக் கிடைத்த யோசனைகள்:

தெருமுனை பங்சர் கடை அண்ணன்: "டியூப் போட்டு ஓட்டுங்க மேடம், செலவு ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

என் தம்பி: செகண்ட் ஹேண்டில் 15 இன்ச் அலாய் (உலோகக் கலவை) டிஸ்க் நான்கு, 195/55 ஆர்15 டயரோடு சேர்த்து 22,000 ரூபாய்க்கு ஒரு கடையில் பேசி வைத்திருக்கிறான். அதன் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே வைத்துவிட்டான்.

சர்வீஸ் சென்டர்: டிஸ்க், டயர் எல்லாம் புதுசு, 38,000 ரூபாய்.

என்னால் 25,000க்கு மேல் போக முடியாது. எது சரி?

பெரம்பூர் பெட்ரோல்

தம்பி சொல்வதைக் கேளுங்க. இரும்பு டிஸ்க்கில் ஸ்விஃப்ட்டைப் பார்த்தால் கால் டாக்ஸி மாதிரி இருக்கும். 15 இன்ச் போட்டதும் வண்டி வேற மாதிரி ஆகிடும், வளைவில் நல்லா நிற்கும். இதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடல் இசட்எக்ஸ்ஐக்கு கம்பெனியே 15 இன்ச்தானே கொடுத்தான்? நானும் அலாய்தான், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

மூலக்கடை டயர் மாமா

கலைம்மா, நான் இருபது வருடத்துக்கு மேல் டயர் கடையில் நின்றவன். இப்போது முட்டி வலி, கல்லாவில் மட்டும் உட்காருகிறேன். அதனால் எழுத நேரம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

பெரம்பூர் தம்பி சொன்னதில் பாதி சரி. அந்த மாடல் ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐக்கு 15 இன்ச் வந்தது உண்மை. ஆனால் அதில் வந்த டயர் 185/65 ஆர்15. உங்கள் தம்பி பேசி வைத்திருப்பது 195/55. இரண்டும் ஒன்று இல்லை.

கணக்கைப் பாருங்கள். 165/80 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264. நடுவில் 14 இன்ச் டிஸ்க், 356 என்று வையுங்கள். மொத்தம் 620. இசட்எக்ஸ்ஐ டயர்: 185ல் 65 சதவீதம் 120, இரண்டு பக்கமும் 240, 15 இன்ச் என்பது 381. மொத்தம் 621. கம்பெனிக்காரன் டிஸ்க்கைப் பெரிதாக்கியபோதும் சக்கரத்தின் மொத்த உயரத்தை மாற்றவில்லை. இப்போது 195/55: பக்கவாட்டு 107தான், மொத்தம் 595 சொச்சம். உங்கள் சக்கரம் இரண்டரை சென்டிமீட்டர் சிறிதாகிவிடும். வண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டரும் நாலு சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த 132க்கும் 107க்கும் உள்ள வித்தியாசம். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் இடிக்கும்போது முதலில் நசுங்கிக் கொடுப்பது டயரின் பக்கவாட்டு. அது உயரமாக இருந்தால் டிஸ்க் தப்பிக்கும். குட்டையாக இருந்தால் ரப்பர் டிஸ்க்குக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கிள்ளப்பட்டு உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், மறுநாள் பக்கத்தில் முட்டை மாதிரி வீக்கம் வந்து நிற்கும். முட்டை வந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். மழைக்காலத்தில் மணலி, மாதவரம், எண்ணூர் வண்டிகள் எங்கள் கடைக்கு அதிகம் வருவதே இதற்காகத்தான். தண்ணீர் நின்றால் பள்ளம் எது, ரோடு எது என்று யாருக்குத் தெரியும்?

இரும்பு டிஸ்க் நெளியும். அலாய் நெளிவதும் உண்டு, ஆனால் ஓங்கி இடித்தால் கீறல் விடும். கீறலை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் அலாயை வாங்கியே தீருவேன் என்றால் டயரைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தடவும்போது தடிப்பாக ஒரு கோடு தட்டுப்பட்டால் அது வெல்டிங்.

அப்புறம் அந்த அலாய் எந்த வண்டியிலிருந்து கழற்றியது? உங்கள் வண்டிக்கு நான்கு நட்டு, எதிரெதிர் துளைகளின் நடுவுக்கு நடு 100 மில்லிமீட்டர். ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து எதிர்த் துளையின் இடது ஓரம் வரை சாதாரண ஸ்கேலை வைத்து அளந்தாலே போதும், சரியாகப் பத்து சென்டிமீட்டர் வரணும். ஃபோர்டு ஃபிகோவுக்கும் நான்கு நட்டுதான், ஆனால் 108. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டித் தருகிறேன் என்று சொல்பவனும் உண்டு. அந்தக் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நடு ஓட்டையும் பார்க்கணும். ஸ்விஃப்ட் ஹப் (டிஸ்க் மாட்டும் நடுக் குமிழ்) 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் அலாய் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 67, 73 என்று பெரிய ஓட்டையோடு வரும். இடைவெளிக்கு ஒரு வளையம் போடணும். போடாவிட்டால் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது) சரியாகச் செய்தும் வேகம் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடும். ஆள் ஆளுக்கு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்ப்பார்கள், ஆட்டம் நிற்காது.

டியூப் யோசனை வேண்டவே வேண்டாம். டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் டியூபுக்காகச் செய்தது இல்லை, உரசிச் சூடேறும். இப்போது ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்குகிறது, நீங்கள் ஓரங்கட்ட நேரம் கிடைக்கிறது. டியூப் போட்டால் அந்த நேரம் கிடைக்காது, ஒரே அடியாக இறங்கிவிடும். லாரிக்கு முன்னால் போகும்போது அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். விஎக்ஸ்ஐயில் ஸ்டெப்னியும் அதே 14 இன்ச் முழு டிஸ்க்தான். அது நன்றாக இருந்தால் கையில் ஒரு டிஸ்க் இலவசமாக வந்துவிட்டது. பிறகு ஐந்து டயரின் தேதியையும் பார்த்து எழுதுங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சில டயரில் இந்த நான்கு எண் ஒரு பக்கம்தான் இருக்கும். வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள்.

காலடிப்பேட்டை கலை

மாமா, ரொம்ப நன்றி. தம்பியிடம் அந்தக் கடையில் கேட்கச் சொன்னேன். எந்த வண்டியில் இருந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்றார்களாம்.

நேற்று ஆபீஸ் வாசலில் டிரைவர் அண்ணன் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு எல்லாம் பார்த்தோம்.

முன் இடது 1617, முன் வலது 1617, பின் இடது 1717. பின் வலது மட்டும் 4021, வேறு கம்பெனி. ஸ்டெப்னி 0914.

ஸ்டெப்னி டிஸ்க் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கிறது, அடியில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். அந்த டயரில் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. ஒரு முறைகூடத் தரையைத் தொட்டிருக்காது என்கிறார் டிரைவர் அண்ணன். அப்படியானால் அதையே இடது முன்னால் மாட்டிக்கொண்டு, புதுசு இரண்டு மட்டும் வாங்கினால் போதாதா? செலவு பாதியாகும்.

ராயபுரம் ரன்வே

நல்ல யோசனை சகோதரி. இரண்டு புதுசு வாங்கி முன்னால் போடுங்க. ஸ்விஃப்ட்டில் இழுப்பது முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக் பாரமும் முன்னால்தான். பின்னால் என்ன இருந்தால் என்ன?

மூலக்கடை டயர் மாமா

கலைம்மா, 2014 டயரை ரோட்டில் இறக்காதீர்கள். ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, சும்மா கிடந்தாலும் கெடும். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி எவ்வளவு சூடாகும் என்று யோசியுங்கள். நகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள், மரம் மாதிரி இருக்கும். முடி இருப்பதால் புதுசு ஆகிவிடாது. ஆறு வருடத்தைத் தாண்டிய டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், பத்தைத் தாண்டினால் பார்ப்பதே இல்லை. உங்கள் 2017 டயர்களும் வெடிப்பு விட்டுவிட்டன, அவற்றின் காலமும் முடிந்தது.

ராயபுரம் தம்பி சொல்வதைத்தான் கடைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்கிறார்கள். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடணும். மழை ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும், சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும். அதைத் திருப்பிப் பிடிக்கும் கை நம்மில் யாருக்கும் இல்லை. தேய்ந்ததை முன்னால் போட்டு ஓட்டினால் அது சீக்கிரம் முடியும், அப்போது அடுத்த இரண்டை வாங்கிக்கொள்ளலாம். டயர் கம்பெனிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேஸில் இந்தச் சண்டையே தேவையில்லை, உங்களிடம் முன்னால் போடும் அளவுக்கு நல்ல பழைய டயர் இரண்டு இல்லை. நான்கும் புதுசு வாங்குங்கள். அந்த 4021 டயர் ஸ்டெப்னிக்குப் போகட்டும்.

டிஸ்க் கணக்கு: ஐந்தில் இரண்டு கெட்டது, மூன்று நல்லது. ஸ்டெப்னி டிஸ்க் கீழே இறங்கும். இன்னும் ஒன்றுதான் புதிதாக வேண்டும். முன் இடது நெளிவு விளிம்பில் மட்டும் என்றால் பெண்ட் எடுத்து அதை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளலாம். நட்டுத் துளைப் பக்கம் நெளிந்திருந்தாலோ கீறல் இருந்தாலோ பெண்ட் எடுக்கக் கூடாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த பின் டிஸ்க்கைச் சுரண்டிப் பார்க்கணும். டயரின் ஓரம் உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக வந்தால் அங்கேதான் உங்கள் காற்று போகிறது. மேல் துருவாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். குழி விழுந்திருந்தால் வேண்டாம். நம்ம பக்கம் கடல் காற்று, துரு ஒருமுறை பிடித்தால் விடாது.

விலை நம் பக்கம் இப்போது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

165/80 ஆர்14 டயர் நான்கு, ஒன்று 4,300 என்று வைத்தால் 17,200.
புது இரும்பு டிஸ்க் ஒன்று 1,900.
வால்வு, பேலன்ஸிங், அலைன்மென்ட் 1,300.

மொத்தம் 20,400. கம்பெனிக்குத் தகுந்தபடி டயருக்கு முன்னூறு நானூறு கூடக் குறைய இருக்கும். பழைய டயருக்கும் ஏதாவது கழிப்பார்கள், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் அதைப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டிக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கும்.

பெரம்பூர் பெட்ரோல்

மாமா, நான் ஒன்று கேட்கிறேன். 14 இன்ச் அலாயே புதுசாகக் கிடைக்குதே? அதே 165/80 டயரைப் போட்டால் உங்கள் பக்கவாட்டு உயரமும் குறையாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். அலாய் எடை கம்மி, மைலேஜும் கூடும்.

மூலக்கடை டயர் மாமா

தம்பி, அது தாராளமாகப் போடலாம், தப்பே இல்லை. 100 துளை, 54.1க்கு வளையம், அகலம் 5 அல்லது 5.5 இன்ச், ஐஎஸ்ஐ முத்திரை. இது நான்கும் இருந்தால் நானே மாட்டித் தருவேன். நட்டு மட்டும் அலாய்க்கு ஏற்ற கூம்பு நட்டாக இருக்கணும். ஆனால் எடை கம்மி என்று எல்லா அலாயையும் சொல்ல முடியாது. விலை குறைந்த வார்ப்பு அலாய் சிலவற்றைத் தூக்கினால் இரும்பு டிஸ்க் அளவுக்கே கனக்கும். கலைம்மாவிடம் இருப்பது 25,000. அலாய் வாங்கினால் டயருக்குக் காசு இருக்காது. ரோட்டைப் பிடிப்பது ரப்பர், அதில் மிச்சம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எண்ணூர் காற்று

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எந்த கம்பெனி டயர் என்று யாரும் சொல்லவே இல்லையே? எங்கள் வீட்டில் எம்ஆர்எஃப் தவிர வேறு போட்டதில்லை. 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்த கம்பெனி, எங்கள் தாத்தாவுக்கு அது சொந்தத் தெருக்காரன் கடை மாதிரி.

மூலக்கடை டயர் மாமா

ஊர்ப் பாசம் நல்லதுதான். எம்ஆர்எஃப், சியட், அப்போலோ, ஜேகே, பிரிட்ஜ்ஸ்டோன் எல்லாமே இந்த அளவில் ஓடக்கூடிய டயர்தான். கன்டெய்னர் ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பக்கவாட்டு கெட்டியாக இருப்பதைக் கேளுங்கள், கொஞ்சம் சத்தம் வரும், பரவாயில்லை. சத்தம் வேண்டாம், மெத்தென்று ஓடணும் என்றால் சீக்கிரம் தேயும். நான் கம்பெனியைவிடத் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். நான்கு டயரும் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். மூன்று புதுசு, ஒன்று போன வருடத்துச் சரக்கு என்று கலந்து கொடுப்பது கடைகளில் சகஜம். மாட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள், மாட்டிய பிறகு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 85டி என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 வேகம் வரை. வேகம் நமக்கு எதற்கு, மணலி ரோட்டில் 40 போனாலே பெரிது. ஆனால் எடை எண் 85க்குக் கீழே போகக் கூடாது.

காலடிப்பேட்டை கலை

மாமா, இன்று முடித்துவிட்டேன். நான்கு டயரும் ஒரே மாதத்துத் தேதி, ஒன்று 4,450 ஆனது. முன் இடது டிஸ்க்கை பேலன்ஸிங் மெஷினில் சுற்றவிட்டுக் காட்டினார்கள், நெளிவு விளிம்பில் மட்டும்தான். பெண்ட் எடுக்க 400 வாங்கினார்கள். துரு டிஸ்க்கைச் சுரண்டியதும் விரல் நுனி அளவுக்குக் குழி, அதனால் அதைக் கழித்துவிட்டு ஒரு புது டிஸ்க் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 21,500க்குள் முடிந்தது. தம்பி இரண்டு நாளாகப் பேசவில்லை. நல்ல வீல் கேப் நான்கு வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணலாம் என்று இருக்கிறேன்.

இன்னும் ஒரே சந்தேகம். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி லேசாக இடது பக்கம் போகிறது. அலைன்மென்ட் பார்த்த ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது.

மூலக்கடை டயர் மாமா

முதலில் நான்கிலும் காற்றை ஒரே கேஜில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். நம்ம ரோடும் தண்ணீர் வடிய இடது பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், அதனால் ஆள் இல்லாத சமதளமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் முன் இரண்டு சக்கரத்தை இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். இழுவை வலது பக்கம் மாறினால் கோளாறு டயரில், கடைக்காரர் மாற்றித் தரணும். மாறாமல் இடதுக்கே போனால் இடது முன் பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டி, பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரின் பின் (ஊசி) துருப்பிடித்து இறுகியிருக்கலாம். கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

நட்டையும் ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். புது டிஸ்க்கில் பெயின்ட் அமர்ந்ததும் லேசாகத் தளரும்.

காலடிப்பேட்டை கலை

காற்று 33க்கு 28 என்று இருந்தது மாமா! சரி செய்துவிட்டேன், இழுவை பாதி குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் போகும்போது நல்ல ரோட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.